செல்லின் பாகங்கள்: ஓர் இன்சுலின் மூலக்கூறின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்

"செல்லின் பாகங்களையும் அவற்றின் வேலைகளையும் எத்தனை முறை படித்தாலும் ஒரு வாரத்தில் குழம்பிவிடுகிறது. எண்டோபிளாச வலைப்பின்னலுக்கும் கோல்கைக்கும் என்ன வித்தியாசம்? எதற்கு இத்தனை பைகள்? விளங்கும்படி யாராவது சொல்ல முடியுமா?" என்பதுதான் கேள்வி.

குழம்புவது இயல்புதான். பாடப்புத்தகங்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பட்டப்பெயர் சூட்டி வரிசையாக நிறுத்திவிடுகின்றன: உட்கரு செல்லின் மூளை, மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் நிலையம், லைசோசோம் தற்கொலைப் பை. இந்தப் பட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, அதனால் மனதிலும் தங்குவதில்லை. போதாக்குறைக்கு, இந்த மூன்றில் முதல் இரண்டும் பாதி உண்மை. மூன்றாவது ஏறக்குறையத் தவறு. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

பட்டியலை மறந்துவிட்டு, ஒரே ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு அது உருவாகும் இடத்திலிருந்து செல்லை விட்டு வெளியேறும் இடம்வரை கூடவே போவோம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல் இதற்கு மிக வசதியானது. இன்சுலின் அந்தச் செல்லின் முக்கியமான பாகங்கள் பெரும்பாலானவற்றைத் தொட்டுவிட்டுத்தான் வெளியே வருகிறது. போகும் வழியில் ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்: சவ்வால் மூடிய ஒவ்வொரு பைக்குள்ளும் சூழல் வேறு. அமிலத்தன்மை வேறு, கால்சியத்தின் அளவு வேறு, இருக்கும் நொதிகள் வேறு. ஒரே இடத்தில் சேர்ந்து நடக்க முடியாத வேலைகளைப் பிரித்து நடத்தத்தான் இத்தனை பைகள். எந்தப் புரதம் எந்தப் பைக்குப் போக வேண்டும் என்ற முகவரி, பெரும்பாலும் அந்தப் புரதத்திலேயே இருக்கிறது.

முதலில் செல் சவ்வு. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்தது செத்த செல்களின் சுவர்களை. உள்ளே ஒன்றும் இல்லை. உயிருள்ள செல்லுக்கு எல்லை வகுக்கும் சவ்வு வெறும் 7 அல்லது 8 நானோமீட்டர் தடிமன்தான். சாதாரண ஒளி நுண்ணோக்கியால் 200 நானோமீட்டருக்குக் குறைவானதைப் பிரித்துக் காட்ட முடியாது. எனவே சவ்வின் குறுக்குவெட்டைக் கண்ணால் பார்க்க எலக்ட்ரான் நுண்ணோக்கி வரவேண்டியிருந்தது. சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்பு. ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறும் நீரை விரும்பும் தலையை வெளியே நீட்டி, நீரை வெறுக்கும் வாலை உள்ளே மறைத்துக்கொள்கிறது. இந்த அடுக்கு கெட்டியான தாள் அல்ல, திரவம். அதில் புரதங்கள் மிதந்தபடி நகர்கின்றன. சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் முன்வைத்த இந்தச் சித்திரம்தான் சில திருத்தங்களோடு இன்றும் நிற்கிறது.

ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இந்தக் கொழுப்பு அடுக்கை யார் தயவும் இல்லாமல் கடக்கும். குளுக்கோஸ், சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்றவை கடக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் தனிப் புரத வாசல் வேண்டும். தண்ணீர்கூட மெதுவாகத்தான் கசியும். வேகமாகப் போக அக்வாபோரின் என்ற வாசல் உண்டு; அதைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரே 2003-இல் வேதியியல் நோபல் பெற்றார். இந்தக் கண்டிப்பின் பலன் என்ன என்பதற்குக் கால்சியம் நல்ல உதாரணம். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் அயனியின் செறிவு உள்ளே இருப்பதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு. கதவு ஒரு நொடி திறந்தால் போதும், உள்ளே பெரிய மாற்றம். இதை நினைவில் வையுங்கள், இன்சுலின் வெளியேறும் கட்டத்தில் தேவைப்படும்.

இனி உட்கரு. மனித செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது 46 குரோமோசோம்களாக, ஹிஸ்டோன் என்ற புரதங்களில் சுற்றப்பட்டு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் இருக்கிறது. இன்சுலினுக்கான மரபணு 11-ஆவது குரோமோசோமில் உள்ளது. உங்கள் தோல் செல்லிலும் அந்த மரபணு இருக்கிறது, நரம்பு செல்லிலும் இருக்கிறது. ஆனால் அவை அதைத் திறந்து வாசிப்பதில்லை. பீட்டா செல் வாசிக்கிறது. எதை வாசிப்பது, எப்போது வாசிப்பது என்பதை முடிவு செய்பவை வெளியிலிருந்து உள்ளே வரும் புரதங்களும் சமிக்ஞைகளும். அதனால்தான் உட்கருவை மூளை என்பது பாதி உண்மை என்றேன். தகவல் அங்கே இருக்கிறது, தீர்மானம் செல் முழுவதும் சேர்ந்து எடுப்பது. பாலூட்டிகளின் இரத்தச் சிவப்பணு முதிரும்போது உட்கருவை வெளியே தள்ளிவிடுகிறது. அதற்குப் பிறகும் மனிதரில் அது சுமார் 120 நாள் ஓடியாடி வேலை செய்கிறது.

மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கப்படுகிறது. எடுத்த நகல் அப்படியே பயன்படாது. இன்சுலின் மரபணுவில் இடையிடையே இரண்டு தேவையற்ற துண்டுகள் உண்டு. அவற்றை வெட்டி நீக்கி மீதியை ஒட்டிய பிறகுதான் தூது ஆர்.என்.ஏ. தயாராகிறது. உட்கருவைச் சுற்றி எதற்கு இரட்டைச் சவ்வு என்ற கேள்விக்கு ஒரு விடை இங்கே கிடைக்கிறது. பாக்டீரியாவில் உட்கரு கிடையாது. அங்கே நகல் எடுத்து முடியும் முன்பே ரைபோசோம் வந்து ஏறிப் புரதம் செய்யத் தொடங்கிவிடும். நம் செல்லில் அப்படி நடந்தால் வெட்டப்படாத துண்டுகளையும் சேர்த்து வாசித்து உருப்படாத புரதம் வரும். வெட்டி ஒட்டி முடியும்வரை நகலை ரைபோசோம்களின் கண்ணில் படாமல் வைத்திருக்கிறது உட்கருச் சவ்வு. முடிந்ததும் சவ்விலுள்ள துளைகள் வழியாக வெளியே அனுப்புகிறது. துளை என்றதும் வெறும் ஓட்டை என்று நினைக்க வேண்டாம். பல நூறு புரதத் துண்டுகள் சேர்ந்து கட்டிய பெரிய அமைப்பு அது. சிறிய மூலக்கூறுகளைத் தடுக்காது, பெரியவற்றிடம் அடையாளம் கேட்கும்.

உட்கருவுக்குள்ளேயே கறுப்பாகத் தெரியும் புள்ளி உட்கருமணி. ரைபோசோமின் பாகங்களைத் தயாரிப்பது அதன் வேலை. புரதம் மும்முரமாகச் செய்யும் செல்களில் அது பெரிதாக இருக்கும். அவ்வளவுதான்.

தூது ஆர்.என்.ஏ. வெளியே சைட்டோபிளாசத்துக்கு வந்ததும் ரைபோசோம் பிடித்துக்கொள்கிறது. ரைபோசோமுக்குச் சவ்வு கிடையாது. பெரிது சிறிதாக இரண்டு துணை அலகுகள் சேர்ந்த, 25 முதல் 30 நானோமீட்டர் அகலமுள்ள பொருள். சுவையான விஷயம், அமினோ அமிலங்களை இணைக்கும் வேதிவினையை அதில் செய்வது புரதம் அல்ல, ஆர்.என்.ஏ. ரைபோசோமின் அமைப்பை அணு அணுவாக வரைந்து காட்டியதற்காக வெங்கி ராமகிருஷ்ணன், தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் மூவருக்கும் 2009-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. பாக்டீரியாவின் ரைபோசோம் நம்முடையதைவிடச் சிறியது, அமைப்பிலும் சற்று வேறு. அந்த வித்தியாசம் மருத்துவத்துக்குப் பெரிய வரம். டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின், ஸ்ட்ரெப்டோமைசின் எல்லாம் கிருமியின் ரைபோசோமைத்தான் தாக்குகின்றன.

இப்போது கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டிய இடம் வருகிறது. இன்சுலின் முதலில் 110 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே சங்கிலியாகத்தான் உருவாகிறது. அதன் முதல் 24 அமினோ அமிலங்கள் இன்சுலினே அல்ல. அவை முகவரி. சைட்டோபிளாசத்தில் சுதந்திரமாகத் திரியும் ரைபோசோம் ஒன்று இந்தச் சங்கிலியைச் செய்யத் தொடங்குகிறது. தலைப்பகுதி வெளியே எட்டிப் பார்த்த உடனே, முகவரியை அடையாளம் காணும் ஒரு துகள் வந்து அதைப் பற்றிக்கொள்கிறது. பற்றியதும் புரதத் தயாரிப்பு தற்காலிகமாகத் தடைபடுகிறது. துகள் ரைபோசோமை அப்படியே இழுத்துக்கொண்டு, சவ்வாலான குழாய்களும் பைகளும் சேர்ந்த எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வுக்குப் போகிறது. அங்கே ஒரு துளையின் வாயில் ரைபோசோம் பொருந்துகிறது, துகள் கழன்று போகிறது, தடைபட்ட தயாரிப்பு மீண்டும் தொடர்கிறது. சங்கிலி இப்போது சைட்டோபிளாசத்துக்குள் அல்ல, துளை வழியாக வலைப்பின்னலின் உள்ளே நீள்கிறது. புரதத்துக்குள்ளேயே முகவரி இருக்கிறது என்று நிறுவிய குந்தர் புளோபெல் 1999-இல் நோபல் பெற்றார்.

பாடப்புத்தகங்களில் சொரசொரப்பான வலைப்பின்னல் என்று படிக்கிறோமே, அந்தச் சொரசொரப்பு இப்படி வந்து ஒட்டிய ரைபோசோம்கள்தான். ஒட்டிய ரைபோசோம் ஒரு வகை, ஒட்டாதது வேறு வகை என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றே. கையில் வந்த தூது ஆர்.என்.ஏ.வில் அந்த முகவரி இருந்தால் ஒட்டும், இல்லையென்றால் ஒட்டாது. வேலை முடிந்ததும் கழன்று பொதுக் கூட்டத்தில் கலந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் முகவரிப் பகுதி வெட்டப்படுகிறது. மீதி 86 அமினோ அமிலங்கள். இதற்கு முன்-இன்சுலின் என்று பெயர். இனி இது சரியாக மடிய வேண்டும். இன்சுலினின் உருவத்தைப் பிடித்து நிறுத்துவது மூன்று கந்தகப் பிணைப்புகள். சைட்டோபிளாசத்தில் இத்தகைய பிணைப்புகள் நிலைக்காது, அங்குள்ள வேதிச் சூழல் அவற்றை உடைத்துவிடும். எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் சூழல் நேரெதிர். பிணைப்பு உண்டாக வாகானது, சரியான ஜோடியைச் சேர்த்துவைக்கும் நொதியும் அங்கேயே இருக்கிறது. பைக்குப் பை சூழல் வேறு என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

மடிப்பு சரியில்லாத புரதத்தை இங்கே வெளியே விடமாட்டார்கள். திரும்ப மடிக்கப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் சைட்டோபிளாசத்துக்கு இழுத்துத் தள்ளி, புரோட்டியசோம் என்ற அமைப்பில் துண்டு துண்டாக்கிவிடுவார்கள். இந்தக் கண்டிப்பு சில சமயம் எல்லை மீறிப்போகிறது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் மிகப் பரவலாகக் காணப்படும் மரபுப் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். 1480 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு குளோரைடு வாசல் புரதத்தில் 508-ஆவது அமினோ அமிலம் ஒன்று மட்டும் இல்லை. அந்தப் புரதம் செல் சவ்வுக்குப் போய்ச் சேர்ந்தால் ஓரளவு வேலை செய்யக்கூடியதுதான். ஆனால் மடிப்பில் குறை என்று வலைப்பின்னல் அதைப் பிடித்துவைத்து அழித்துவிடுகிறது. விளைவு, நுரையீரலில் சளி கெட்டிப்பட்டு ஆயுள் முழுக்கத் தொல்லை. இன்று அந்த நோய்க்குத் தரும் புதிய மருந்துகளில் ஒரு வகை, புரதம் ஒழுங்காக மடிய உதவி செய்து இந்தச் சோதனையைக் கடக்கவைக்கிறது. இன்சுலினுக்கும் இதே கதி நேர்வதுண்டு. கந்தகப் பிணைப்புக்குத் தேவையான ஓர் அமினோ அமிலம் மாறிப்போனால் தப்பாக மடிந்த இன்சுலின் வலைப்பின்னலில் குவிந்து பீட்டா செல்லையே நலியச் செய்கிறது. குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது.

ரைபோசோம் ஒட்டாத மென்மையான வலைப்பின்னல் வேறு வேலைகளுக்கு. கொழுப்பு, ஸ்டீராய்டு ஹார்மோன்கள் தயாரிப்பது, கல்லீரலில் மருந்துகளையும் நச்சுகளையும் கரையும் பொருளாக மாற்றி வெளியேற்ற உதவுவது, தசையில் கால்சியத்தைச் சேமித்துவைத்து சுருங்கும் கணத்தில் அவிழ்த்துவிடுவது.

சரியாக மடிந்த முன்-இன்சுலின் சிறு குமிழிகளில் ஏறி கோல்கைக்குப் போகிறது. கமில்லோ கோல்கி 1898-இல் வெள்ளி உப்புச் சாயம் போட்டு இதைப் பார்த்துச் சொன்னபோது, சாயத்தால் வந்த கறை என்றே பலர் ஒதுக்கினார்கள். அந்த வெள்ளிச் சாயம் தேவைப்படாத எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் 1950-களில் வந்த பிறகுதான் சண்டை ஓய்ந்தது. தட்டையான பைகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஒரு பக்கம் வரவு, மறுபக்கம் அனுப்புகை. நீங்கள் கேட்ட வித்தியாசம் இதுதான்: எண்டோபிளாச வலைப்பின்னல் புரதத்தை உள்ளே வாங்கி மடித்துச் சோதிக்கிறது, கோல்கை அதன் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளைத் திருத்தி, எது எங்கே போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிறது.

பிரித்து அனுப்புவது எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அரிய நோய் காட்டுகிறது. லைசோசோமுக்குப் போகவேண்டிய நொதிகளுக்கு கோல்கையில் மேனோஸ்-6-பாஸ்பேட் என்ற அடையாளம் ஒட்டப்படும். ஐ-செல் நோய் உள்ள குழந்தைகளுக்கு அதை ஒட்டும் நொதி இல்லை. லைசோசோம் நொதிகள் எல்லாம் ஒழுங்காகவே தயாராகின்றன, ஆனால் அடையாளம் இல்லாததால் அத்தனையும் செல்லுக்கு வெளியே கொட்டப்படுகின்றன. இரத்தத்தில் பார்த்தால் நொதி ஏராளம்; லைசோசோமுக்குள் பார்த்தால் பஞ்சம். சிதைக்கப்படாத கழிவு செல்லுக்குள் குவிகிறது.

முன்-இன்சுலினோ கோல்கையின் மறுபக்கத்தில் தனிப் பைகளில் அடைக்கப்படுகிறது. பையின் சவ்விலுள்ள புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளத் தள்ள அமிலத்தன்மை கூடுகிறது. அந்த அமிலச் சூழலில் விழித்துக்கொள்ளும் நொதிகள் சங்கிலியின் நடுவிலிருந்து 31 அமினோ அமிலங்கள் கொண்ட துண்டை வெட்டி எடுக்கின்றன. வெட்டுமிடங்களில் நான்கு அமினோ அமிலங்கள் உதிர்கின்றன. மிஞ்சுவது 21-உம் 30-உமாக இரண்டு சங்கிலிகள், மொத்தம் 51. இதுதான் நாம் அறிந்த இன்சுலின். ஆறு ஆறாகச் சேர்ந்து, நடுவில் துத்தநாக அயனிகளைப் பிடித்துக்கொண்டு படிகமாகிவிடுகிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பீட்டா செல்லைப் பார்த்தால் இந்தப் பைகள் தனியாகத் தெரியும்: நடுவில் கறுத்த கரு, சுற்றிலும் வெளிறிய வளையம். ஒரு செல்லில் சுமார் பத்தாயிரம் பைகள் இப்படிக் காத்திருக்கும். வெட்டி எடுத்த நடுத்துண்டும் பைக்குள்ளேயேதான் இருக்கும், இன்சுலினோடு சேர்ந்தே வெளியே வரும். சி-பெப்டைடு என்று சொல்லி மருத்துவர்கள் இரத்தத்தில் அளக்கச் சொல்வது இதைத்தான். ஊசியில் போடும் இன்சுலினில் அது இருக்காது. ஆகவே உடல் தானாக எவ்வளவு சுரக்கிறது என்பதை அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பைகள் செல்லின் ஓரத்துக்குப் போவது மிதந்து அல்ல, நடந்து. சைட்டோபிளாசம் வெறும் கூழ் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும். 25 நானோமீட்டர் விட்டமுள்ள நுண்குழல்கள் செல்லின் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. கைனசின் என்ற புரதம் பையைச் சுமந்துகொண்டு அந்தக் குழலின் மேல் இரண்டு கால்களை மாற்றி மாற்றி வைத்து நடக்கிறது. ஒரு காலடிக்கு 8 நானோமீட்டர், ஒரு காலடிக்கு ஒரு ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) மூலக்கூறு செலவு. இவற்றைவிட மெல்லிய ஆக்டின் இழைகள் சவ்வுக்கு அடியில் பின்னலாக நின்று செல்லின் உருவத்தையும் நகர்வையும் கவனிக்கின்றன. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட பருமனில் உள்ள இழைகள் இழுவிசையைத் தாங்குவதற்கு.

நுண்குழல்கள் நிரந்தரமானவை அல்ல, ஓயாமல் நீண்டும் குறுகியும் கொண்டிருக்கும். செல் பிரியும்போது குரோமோசோம்களை இரு பக்கமும் இழுப்பவையும் இவையே. நித்தியகல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் நுண்குழல் கட்டப்படுவதைத் தடுக்கிறது. பிரிய முடியாமல் புற்றுச்செல் சாகிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அது பல காலமாகக் கைகொடுக்கும் மருந்து. விலங்குச் செல்லில் நுண்குழல்கள் கிளம்பும் இடத்தில் சென்ட்ரியோல்கள் இரண்டு உண்டு. பூக்கும் தாவரங்களுக்கு அவை இல்லாமலேயே செல் பிரிகிறது.

பை ஓரத்துக்கு வந்துவிட்டது. எப்போது திறப்பது? இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது. அது செல்லுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு விடை மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது. குளுக்கோஸ் உள்ளே வந்ததும் சைட்டோபிளாசத்தில் பாதியாக உடைகிறது. அதில் கிடைக்கும் நிகர லாபம் 2 ஏ.டி.பி. தான். உடைந்த துண்டு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் முழுதாக எரிந்தால் மொத்தம் ஏறக்குறைய 30 வரை கிடைக்கும். எரிதல் என்றால், எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனிடம் போய்ச் சேருவது. அந்த ஓட்டத்தின் ஆற்றலைக் கொண்டு உட்சவ்வு ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளிக் குவிக்கிறது. குவிந்த அயனிகள் திரும்பி வர ஒரே ஒரு பெரிய வழி, ஏ.டி.பி. சிந்தேஸ் என்ற நொதி. அவை புகுந்து வரும்போது அந்த நொதியின் அச்சு நிஜமாகவே சுழல்கிறது, சுழற்சியில் ஏ.டி.பி. உண்டாகிறது. பீட்டர் மிட்செல் 1961-இல் அயனிக் குவிப்புதான் காரணம் என்று சொன்னபோது பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் தந்தார்கள். சுழற்சியைக் கண்ணால் கண்டது 1997-இல். ஜப்பானிய ஆய்வாளர்கள் நொதியின் ஒரு பகுதியைக் கண்ணாடியில் ஒட்டி, அச்சின் முனையில் ஒளிரும் ஆக்டின் இழையைக் கட்டி, ஏ.டி.பி. கொடுத்தார்கள். நொதி தலைகீழாக ஓடியது. நுண்ணோக்கியில் இழை சுற்றிச் சுற்றி வந்தது. செல்லியலில் நான் யாருக்காவது ஒரே ஒரு சோதனையைக் காட்டலாம் என்றால் அதைத்தான் காட்டுவேன்.

பீட்டா செல்லில் இந்த ஏ.டி.பி. எரிபொருள் மட்டும் அல்ல, செய்தியும்கூட. சர்க்கரை ஏறினால் ஏ.டி.பி. ஏறும். ஏறினால் செல் சவ்வில் உள்ள ஒரு பொட்டாசியம் வாசல் மூடிக்கொள்ளும். மூடியதும் சவ்வின் மின்னழுத்தம் மாறும், அதனால் கால்சியம் வாசல் திறக்கும். வெளியே பத்தாயிரம் மடங்கு காத்திருந்த கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் பட்டதும் பையின் சவ்வு செல் சவ்வோடு கலந்து திறந்துகொள்ளும், இன்சுலின் இரத்தத்தை நோக்கிப் போகும். நீரிழிவுக்குப் பலர் சாப்பிடும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரைகள் செய்வது ஒன்றே ஒன்று: சர்க்கரை ஏறுகிறதோ இல்லையோ, அந்தப் பொட்டாசியம் வாசலை நேரடியாக மூடிவிடுகின்றன. சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் போட்டால் சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான். ஆற்றல் நிலையம் என்ற பட்டம் மைட்டோகாண்ட்ரியாவின் இந்தப் பக்கத்தை மறைத்துவிடுகிறது.

மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சொந்தமாக வட்ட வடிவ டி.என்.ஏ. உண்டு. மனிதரில் அதன் நீளம் 16,569 கார இணைகள்; அதில் 37 மரபணுக்கள்; புரதத்துக்கானவை 13 மட்டும். மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை உட்கருவின் மரபணுக்களை நம்பித்தான் வாங்கிக்கொள்கிறது. அதன் ரைபோசோமும் பாக்டீரியா ரைபோசோமைப் போன்றது. ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியா வேறொரு செல்லுக்குள் புகுந்து நிலைத்ததன் வாரிசு அது என்ற கருத்தை 1967-இல் லின் மார்குலிஸ் வலுவாக வாதிட்டார்; இன்று அதில் கருத்து வேறுபாடு இல்லை. இன்னொன்று: படங்களில் அவரைக்கொட்டை போல வரைகிறார்களே, உயிருள்ள செல்லில் அவை நீண்ட இழைகளாக ஒன்றோடொன்று சேர்ந்தும் பிரிந்தும் இருப்பவை.

லைசோசோமைத் தற்கொலைப் பை என்பதற்கு வருகிறேன். 1955-இல் இதைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டூவ் சொன்ன பெயரே அது. பை உடைந்து நொதிகள் கொட்டினால் செல் தன்னைத்தானே தின்றுவிடும் என்பது கற்பனை. ஆனால் அந்த நொதிகளுக்கு பி.எச். 4.5 முதல் 5 வரை வேண்டும். சைட்டோபிளாசத்தில் அது 7.2. சிறிது கசிந்தாலும் பெரும்பாலும் முடங்கிவிடும். செல் திட்டமிட்டுச் சாகும்போது தொடங்கிவைப்பது பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியா. அதிலிருந்து வெளியே கசியும் சைட்டோக்ரோம் சி என்ற புரதம் சாவுக்கான நொதிகளைக் கிளப்பிவிடுகிறது. பட்டம் தரவேண்டுமென்றால் மைட்டோகாண்ட்ரியாவுக்குத்தான் தரவேண்டும். லைசோசோமின் அன்றாட வேலை மறுபயன்பாடு. பழுதான மைட்டோகாண்ட்ரியா, வெளியிலிருந்து விழுங்கிய பொருட்கள், பீட்டா செல்லில் வெளியேறாமல் பழசாகிப்போன இன்சுலின் பைகள், எல்லாம் அங்கே சிதைந்து மூலப்பொருளாகத் திரும்புகின்றன. செல் தன் பாகங்களையே உறையிட்டு லைசோசோமுக்கு அனுப்பும் முறையை ஈஸ்ட்டில் விளக்கியதற்காக யோஷினோரி ஓசுமி 2016-இல் நோபல் பெற்றார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகளில் ஒன்று இல்லையென்றாலும் விபரீதம். போம்பே (Pompe) நோயில் கிளைக்கோஜன் சிதையாமல் தசையிலும் இதயத்திலும் சேர்கிறது. டே-சாக்ஸ் நோயில் நரம்பு செல்களில் ஒரு வகைக் கொழுப்பு சேர்கிறது.

பெராக்சிசோமைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மிக நீளமான கொழுப்பு அமிலங்களை நறுக்குவது. அப்போது உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கேட்டலேஸ் நொதியால் தண்ணீரும் ஆக்சிஜனுமாக்குவது. புண்ணில் பெராக்சைடு ஊற்றினால் நுரைப்பது செல்களிலிருந்து வெளிப்படும் அதே கேட்டலேஸால்தான். இதற்குள் போகும் புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கு முகவரி வாலில் இருக்கிறது, மூன்றே அமினோ அமிலங்கள்.

தாவரச் செல்லுக்கு மேற்கொண்டு மூன்று: செல்லுலோஸ் சுவர், பசுங்கணிகம், செல்லின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கும் நுண்குமிழ். நுண்குமிழ் நீரால் உப்பிச் சுவரை அழுத்துவதால்தான் இலை விறைப்பாக நிற்கிறது. நீர் குறைந்தால் வாடுகிறது. பசுங்கணிகமும் பாக்டீரியா வழி வந்ததே, அதற்கும் சொந்த டி.என்.ஏ. உண்டு. தேர்வுத்தாள்களில் அடிக்கடி காணும் பிழை ஒன்று: தாவரத்துக்குப் பசுங்கணிகம், விலங்குக்கு மைட்டோகாண்ட்ரியா என்று எழுதுவது. தாவரச் செல்லில் இரண்டும் உண்டு. பகலில் செய்த சர்க்கரையை அதுவும் எரித்துத்தானே பிழைக்க வேண்டும். வேருக்கு வெளிச்சமே கிடையாது.

படிக்கும் முறைக்கு ஒரு யோசனை. வெள்ளைத்தாளில் செல்லை வரைந்து, ஏதாவது ஒரு புரதத்தின் பெயரை எழுதி, அது எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று அம்புக்குறி போட்டுப் பாருங்கள். எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) எடுத்தால் இன்சுலின் போன அதே பாதை, பெரிய மாற்றம் இருக்காது. கேட்டலேஸை எடுத்தால் பெராக்சிசோமில் முடியும். அடுத்து ஹீமோகுளோபினை எடுங்கள். அது செல்லுக்குள்ளேயே தங்குகிற புரதம், முகவரிப் பகுதி கிடையாது. எனவே சைட்டோபிளாசத்தின் ரைபோசோமிலேயே முடிந்துவிடுகிறது, எண்டோபிளாச வலைப்பின்னலையும் கோல்கையையும் தொடுவதே இல்லை. ஆனால் அதற்குத் தேவையான, இரும்பைத் தாங்கும் ஹீம் பகுதியைத் தயாரிப்பதில் முதல் படியும் கடைசிப் படியும் மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கின்றன. அதனால் சிவப்பணு தன் மைட்டோகாண்ட்ரியாவை இழப்பதற்கு முன்பே ஹீம் தயாரிப்பை முடித்தாக வேண்டும்.